நியூட்ரல்

ராத்திரி ரெண்டேகாலுக்கு போன்.
பல்லடம் ரோட்டு பனியன் கம்பெனி, மருதாசலம்.
பேனலிலிருந்து மீன் கருகும் நாற்றமாம்.
"ஃபேஸ் மூணும் நல்லாத்தானுங்க இருக்குது.
வெந்து கெடக்குறது நியூட்ரலுங்க."

நியூட்ரல் வேகாது.
மூன்று ஃபேஸும் சமமாய் இழுத்தால்
ஒன்றையொன்று கழித்துக்கொண்டு
அதில் மிஞ்சுவது பூஜ்யம் என்று
பாலிடெக்னிக்கில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.
பூஜ்யத்துக்கு எதற்குத் தடிமன் என்று
பாதி சைஸ் வயர் போட்டிருந்தார்கள்.

புது வயர் இழுத்து, கிளாம்ப் மீட்டரைக் கோத்தேன்.
ஆர் முப்பத்தொன்று. ஒய் முப்பது. பி முப்பத்திரண்டு.
நியூட்ரல்
நாற்பத்தொன்பது.

அண்ணாந்து பார்த்தேன்.
செக்கிங் டேபிள்களுக்கு மேலே எழுநூற்றிருபது டியூப்.
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு டிரைவர்,
கணபதியில் என் ஷெட்டில் செய்தது,
திலகமணி சால்டர் வைத்தது,
என் மகள் பெயரில் ஸ்டிக்கர்.

உள்ளே நாலு டயோடு, ஒரு கெப்பாசிட்டர்.
அலை ஏறி வரும்போது அது கண்டுகொள்வதில்லை.
உச்சிக்கு வரும் அந்த ஒரு கணத்தில் மட்டும்
ஷிஃப்ட் விட்டதும் கேட்டில் நிற்கும் அத்தனை பேரும்
ஒரே டவுன்பஸ்ஸின் ஒரே படியில் தொத்துவதுபோல்
கரண்ட் இடித்துக்கொண்டு ஏறுகிறது.
மீதி நேரமெல்லாம் ரோடு காலி.
அந்த இடிபாட்டில் பிறந்த மூன்றாம் ஹார்மோனிக்
மூன்று ஃபேஸிலிருந்தும் ஒரே தாளத்தில் இறங்கி
கழிபடாமல்
கூடிக்கொண்டே போயிருக்கிறது.

"லக்கு லூஸா இருந்திருக்குமுங்களா?"
மருதாசலம் வழி ஒன்று திறந்து வைத்தான்.
ஆமாம் என்றால் முடிந்தது.
பீஸுக்கு முப்பத்தெட்டு ரூபாய் மிச்சம் பிடித்தவன்
டீயை ஆறவிட்டு
முதலாளி குழந்தைவேலிடம் சொல்லிவிட்டேன்.
திட்டவில்லை.
"மாத்திக் குடுத்துருங்க" என்றார், அவ்வளவுதான்.
அது திட்டைவிடக் கனமாக இருந்தது.

பிறகு ஏழு வாரம்.
ஒரு சோக், ஒரு மாஸ்ஃபெட்,
எட்டுக்கால் பூச்சிபோல் ஒரு ஐசி.
அலை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து
கொஞ்சம் கொஞ்சமாய்க் குடிக்கக் கற்றது கரண்ட்.
பவர் ஃபேக்டர் பூஜ்யம் புள்ளி ஆறிலிருந்து
புள்ளி தொண்ணூற்றெட்டு.
குதிக்கப் போனேன், விரல் சுட்டது.
எஃபிஷியன்ஸி எண்பத்தாறிலிருந்து எண்பத்தொன்று.
போர்டில் இடைவழியில் ஆள் வைத்தால்
அவனும் கூலி கேட்கத்தானே செய்வான்.

திலகமணி சோக்கை அவிழ்த்து
முடிபோன்ற கம்பிகளைத் திரித்துச் சுற்றினாள்.
டயோடை மாற்றினோம். இன்னும் சூடு.
ஸ்கோப்பில் மாஸ்ஃபெட்டின் வோல்ட்டேஜ்
ஊஞ்சல்போல் ஆடி அடங்குவதை வெகுநேரம் பார்த்துவிட்டு
அவள்தான் கேட்டாள்:
"நீங்க ஏனுங்க மேல இருக்கறப்பத் தட்றீங்க?
கீழ எறங்கட்டும், அப்பத் தட்டுங்க."
பள்ளத்தில் தட்டினோம்.
எண்பத்தொன்பது.

எழுநூற்றிருபதையும் ஞாயிற்றுக்கிழமையில் மாட்டினோம்.
ஃபேஸுக்குப் பதினெட்டு ஆம்பியர். நியூட்ரலில் மூன்று.
குழந்தைவேல் அண்ணாந்து நின்றார்.
"வெளிச்சம் அதே மாதிரித்தான இருக்குது?"
அதே மாதிரிதானுங்க.
"அப்ப என்னத்தைப் பாக்கறது நான்?"
மருதாசலம் பேனலைத் திறந்து
நியூட்ரல் வயரின் தோலில் அவர் கையை வைத்தான்.
சில்லென்றிருந்திருக்க வேண்டும்,
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

கழற்றியவை மூன்று சாக்கு.
மகளின் பெயர் எழுநூற்றிருபது முறை.

வீட்டுக்கு வந்து பழைய பில் புக்கைப் பிரித்தேன்.
அவிநாசி, இருநூறு.
சென்னிமலைத் தறிக்கூடம், நூற்றைம்பது.
காங்கேயத்தில் ஒரு கல்யாண மண்டபம், நாற்பது;
ரொக்கம், போன் நம்பர் இல்லை.
இந்நேரம் அங்கே விசேஷம் ஏதாவது இருக்கும்.
நொடிக்கு நூறு தரம்
உச்சி வரும்வரை காத்திருந்து
ஒரே மடக்கு.